அம்மா மூழ்கிய காலை

ரிவர்ட்டன்
3 பிப்ரவரி 1980

அன்புள்ள தம்பி கிளைவுக்கு,

நலம். நீயும் நலம்தான் என்று போன வாரம் வானொலியில் உன் குரலைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தொண்டை கட்டியிருந்த மாதிரி இருந்தது. வெலிங்டன் காற்றில் கழுத்தைத் திறந்து போட்டுக்கொண்டு நடக்காதே.

அப்பாவுக்கு இரைப்பு அதிகமாகிவிட்டது. வாசல் வேலி வரை நடந்தாலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் குதிரைப் பந்தய வர்ணனை என்றால் மூச்சு எங்கிருந்தோ வந்துவிடுகிறது. என்னைத் திட்டவும் அதே மூச்சு போதுமானதாக இருக்கிறது.

உன் நாவலை வைத்து எடுக்கும் படத்துக்காக நீ அனுப்பிய கேள்விகள் வந்தன. பதினேழு! பள்ளிக்கூடப் பரீட்சைக்குக்கூட எனக்கு இத்தனை கேள்வி வந்ததில்லை. அம்மாவின் கோட்டு பச்சைக் கம்பளி, முழங்காலுக்குக் கீழே வரும். தலையில் துண்டு இல்லை. தண்ணீர் தேயிலைச் சாறு நிறம். அந்தக் கழிமுகத்தில் எப்போதுமே அப்படித்தான். காலணியைக் கழற்றி மணலில் வைத்தாளா என்று கேட்டிருக்கிறாய். வைத்தாள் என்றே போட்டுக்கொள்.

மற்ற பதிமூன்றுக்கும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள், எப்போதும் போல. உன் நாவலின் நாற்பத்தோராம் பக்கத்தை நேற்று மறுபடி பார்த்தேன். அம்மா மாவு பிசைந்துகொண்டே பாடும் இடம். ஆறு வருஷத்துக்கு முன் நான் உனக்கு எழுதியது. ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. கோபமில்லை. கண்ணில் பட்டது, சொன்னேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கடைசிக் காட்சியைக் கடலில் காட்டித்தான் ஆக வேண்டுமா? அவள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போவதோடு முடித்தால் என்ன?

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
நோலின்


வெலிங்டன்
20 பிப்ரவரி 1980

அன்புள்ள அக்கா நோலினுக்கு,

தொண்டை சரியாகிவிட்டது. உன் தாள் கிடைத்தது. இயக்குநரிடம் படித்துக் காட்டினேன். "இது பதில் இல்லடா, இது காட்சி. அப்படியே கேமராவை வச்சிடலாம். உங்கக்கா என்ன வேலை பாக்கறாங்க?" என்று கேட்டார். அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள் என்றேன். "வேஸ்ட்" என்றார். அவர் எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

நாற்பத்தோராம் பக்கம் பற்றி நீ சொன்னது சரி. நான் மறுக்கவே இல்லை. நீ செங்கல் கொடுத்தாய், நான் வீடு கட்டினேன். முன்னுரையில் உனக்கு நன்றி சொல்லியிருக்கலாம். பதிப்பாளர் வேண்டாம் என்றார்.

கதவோடு முடிக்க முடியாது, அக்கா. அந்தக் கடல் இல்லையென்றால் நானே இல்லை. ஒன்பது வயதில், மூட்டுக் காய்ச்சலோடு டனீடன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆறு மாதம் அசையாமல் கிடந்தேனே, அப்போது உன் கடிதம் வந்தது. தாதி படித்தாள். "அம்மா செவ்வாய்க்கிழமை காலை சிப்பி பொறுக்கப் போனாள். கடல் அவளைத் திருப்பித் தரவில்லை." பதினான்கு வயதுப் பெண் எழுதிய வரி! என் நாவலின் முதல் வரி அது. படத்தின் முதல் வரியும் அதுதான். சுவரொட்டியில் பெரிதாக 'உண்மைக் கதை' என்று போடப் போகிறார்கள்.

இன்னொரு நல்ல சேதி. செட் போடவில்லை. நாம் இருந்த அதே மரஆலைக் கடற்கரையில் எடுக்கிறோம். ஆலை போய்விட்டது, கொட்டகையின் தூண்கள் மட்டும் நிற்கின்றன. நீ வர வேண்டும். அந்த நடிகை எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று காட்ட உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

அப்பாவுக்கு என் வணக்கம். மருந்து வேளைக்குக் கொடு.

உன் தம்பி,
கிளைவ்


ரிவர்ட்டன்
9 மார்ச் 1980

அன்புள்ள கிளைவ்,

சுகமே. அப்பா அப்படியேதான்.

நான் வரவில்லை. நீ கூப்பிட்டதை அப்பாவிடம் சொன்னேன். உடனே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்று நினைத்துவிட்டார் போல.

"எங்கடி கெளம்பிட்ட?"

"எங்கயும் கெளம்பலப்பா. கேட்டிருக்கான், அதான் சொன்னேன்."

"அங்க என்ன கெடக்கு உனக்கு? மரத்தூளும் கொசுவும்தான் கெடக்கு. நீ போயிட்டா எனக்குக் கஞ்சி யாரு வைப்பா, அந்த சினிமாக்காரியா?"

அதோடு முடிந்தது. நாற்பத்திரண்டு வயதில் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வரவே நான் நேரம் சொல்லிவிட்டுப் போகிறேன். உனக்கு இதெல்லாம் தெரியாததில்லை.

அந்தக் கடற்கரையில் எடுக்காதே, கிளைவ். நாட்டில் கடற்கரைக்கா பஞ்சம்? இங்கேயே எத்தனை இருக்கின்றன. ஏன் என்று கேட்காமல் ஒரு முறை என் பேச்சைக் கேள்.

நோலின்


ஓவாக்கா
2 ஏப்ரல் 1980

அன்புள்ள அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலமா என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று முன்தினம் இங்கே நம் பழைய கடற்கரையில் கடல் காட்சியை எடுத்தோம். ஏழு முறை. அந்தப் பெண் பச்சைக் கோட்டோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஒரு முறை கரையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மேலே நடந்தாள். ஏழாவது முறை நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு கிழவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கூட்டத்தில் நிற்பதற்காக உள்ளூரில் பிடித்த ஆட்களில் ஒருவர். வாட்டி ஸ்கீன் என்று பெயர். அந்தக் காலத்தில் ஆலையின் லாரி ஓட்டியவராம்.

"லாரிமர் பையனா நீ? அலெக் லாரிமர் மகன்?"

"ஆமா."

"அப்போ இது யாரு, தண்ணில எறங்கறது?"

"எங்கம்மா."

கையில் இருந்த ஆட்டிறைச்சி அடைத்த ரொட்டியைக் கீழே வைத்தார். "உங்கம்மாவா? இசபெல்? கடல்லயா? யாருப்பா உனக்குச் சொன்னது? நான்தான் அவங்கள லாரியில ஏத்திட்டுப் போய் ரயில்ல விட்டேன். தவிட்டு நிறப் பெட்டி ஒண்ணு. வழி பூரா ஒரு வார்த்தை பேசல. எறங்கும்போது மட்டும், 'வாட்டி, நீ என்னப் பாக்கவே இல்ல'ன்னாங்க. நானும் இன்னிவரைக்கும் யார்கிட்டயும் சொல்லலையே."

வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்றேன். "அப்படித்தான் இருக்கும்ப்பா. வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு ரொட்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். அப்படி உடனே ஒத்துக்கொண்டாரே, அதுதான் என்னை வதைக்கிறது.

குடிகாரக் கிழவனின் உளறல். அப்படித்தானே? ஒரு வரி எழுது, போதும்.

கிளைவ்


வெலிங்டன்
30 ஏப்ரல் 1980

அக்கா,

நான்கு வாரமாகிறது. தபால் தொலைந்துவிட்டதா? தொலைபேசியில் கூப்பிட்டேன். அப்பா எடுத்தார். "அவ துணி காயப்போடறா" என்று வைத்துவிட்டார். இரண்டாம் முறையும் அதே. மழை நாளில் என்ன துணி காயப்போடுகிறாய்?

வாட்டி தன் கதையை மதுக்கடையில் சொல்லியிருக்கிறார். இயக்குநர் காதுக்கும் போயிருக்கிறது. அவர் சிரித்தார், ஆனால் சிரித்த பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் நாடு முழுக்க, வானொலியில், என் வாயால், இது என் அம்மாவின் சாவு என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு வரி, நோலின்.

கிளைவ்


ரிவர்ட்டன்
25 மே 1980

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இதை உட்கார்ந்து படி.

வாட்டி உளறவில்லை.

அப்பாவின் கை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாது. உன்னை அவர் தொட்டதில்லை. நீ நோயாளிப் பிள்ளை. அம்மாவின் இடது காது கேட்காமல் போனது பிறவியில் வந்ததல்ல. நீ ஆஸ்பத்திரியில் இருந்த அந்த வசந்த காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பா காட்டுக்கு மரம் வெட்டப் போன பிறகு அம்மா என்னை எழுப்பினாள். கோட்டு போட்டிருந்தாள்.

"உன்னையும் இப்பவே கூட்டிட்டுப் போனா, அவர் நேரா போய் கிளைவ கட்டிலோட தூக்கிட்டுப் போயிடுவார். அப்புறம் அவனுக்கு யாரும் இல்ல. நீ இரு. ஒரு வேலையும் ஒரு ரூமும் கெடச்சதும் ரெண்டு பேரையும் கூப்பிட்டுக்கறேன். அதுவரைக்கும் இருப்பியா?"

இருக்கிறேன் என்றேன். இன்னும் இருக்கிறேன்.

மாலையில் அப்பா வந்தார். அவள் வைத்திருந்த சீட்டைப் படித்தார், அடுப்பில் போட்டார். மூன்றாம் நாள் மேசையில் தாளும் பேனாவும் வைத்தார்.

"எழுது. உனக்குத்தான் எழுத்து நல்லா வரும்னு வாத்தியாரம்மா சொல்றாளே."

"யாருக்குப்பா?"

"தம்பிக்கு. உங்கம்மா கடல்ல போயிட்டான்னு எழுது."

எழுதினேன். வாங்கிப் படித்தார். "இது பத்தாது. இப்படி எழுதுனா நம்ப மாட்டான். இன்னும் கொஞ்சம் போடு" என்றார். சிப்பியைப் போட்டேன். செவ்வாய்க்கிழமையைப் போட்டேன், அது ஒன்றுதான் உண்மை. பிறகு 'கடல் அவளைத் திருப்பித் தரவில்லை' என்று எழுதினேன். அந்த வரியை எழுதி முடித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கிளைவ். நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது. அடிக்குப் பயந்து எழுதினேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சந்தோஷத்தை என்ன செய்வது?

இரண்டு மாதம் கழித்து மெல்போர்னிலிருந்து அம்மாவின் கடிதம் வந்தது, இடம் பார்த்துவிட்டேன் என்று. அதற்கும் என்னையே பதில் எழுத வைத்தார். 'நாங்கள் இங்கே நிம்மதியாக இருக்கிறோம். கிளைவ் உன்னைக் கேட்பதே இல்லை. வந்து அவனைக் குழப்பாதே.' அதுவும் நன்றாகவே வந்தது. அவள் வரவில்லை. அந்த மாதமே ஆலை மூடி ஆட்கள் நாலாபக்கமும் சிதறினார்கள். நாம் இங்கே வந்தோம், மனைவியைக் கடலில் இழந்தவரின் குடும்பமாக. ஊரே நமக்கு கேக் சுட்டுக் கொண்டுவந்தது.

எனக்கு இருபத்தேழு வயதானபோது பெரியம்மா மூலமாக அவளைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஆஸ்திரேலியாவில், பல்லாரட்டில் இருக்கிறாள். கம்பளி ஆலையில் வேலை பார்த்தாள். கடிதங்கள் தபால் நிலையப் பெட்டிக்கு வரும்; அப்பாவுக்குத் தெரியாது. உன்னிடம் சொல்ல அந்த வருஷமே ரயிலேறி டனீடன் வந்தேனே, நினைவிருக்கிறதா? அன்றுதான் உன் கவிதைக்குப் பல்கலைக்கழகப் பரிசு கிடைத்திருந்தது. மூழ்கிப்போன அம்மாவைப் பற்றிய கவிதை. நண்பர்கள் உன்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். சொல்லாமலே மாலை ரயிலில் திரும்பிவிட்டேன்.

அம்மாவுக்கு இப்போது வயிற்றில் கட்டி. உன் புத்தகத்தைப் படித்திருக்கிறாள். உன்னை ஒரு முறை பார்க்க வேண்டும் என்கிறாள். முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

நோலின்


வெலிங்டன்
12 ஜூன் 1980

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள்.

மூன்று நாள் படுக்கையை விட்டு எழவில்லை. உன்னைத் திட்டி எழுதிய இரண்டு கடிதங்களைக் கிழித்துப் போட்டேன். உனக்குப் பதினான்கு வயது. திட்ட வேண்டிய ஆள் நீயல்ல என்று தெரிகிறது. நாலாம் நாள் எழுந்து யோசித்தேன். நாமும் யோசித்துத்தான் நடக்க வேண்டும்.

படம் அக்டோபரில் வருகிறது. சுவரொட்டி அச்சாகிவிட்டது. இப்போது இது வெளியே வந்தால் நான் பொய்யன். நாவல் பொய், நேர்காணல்கள் பொய். எனக்குத் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அறுபது பேரின் ஒரு வருஷ உழைப்பு மண்ணாகிவிடும். படம் வந்து ஓடி முடியட்டும். பிறகு நானே பல்லாரட் போகிறேன். சத்தியம்.

அதுவரை அம்மா அமைதியாக இருக்க வேண்டும். யாரிடமும் பேசக் கூடாது, எனக்கு எழுதக் கூடாது. நான் சொன்னால் வலிக்கும். நீ எழுதினால் கேட்பாள். அன்பாக, அவளுக்குப் புரியும்படி. உனக்கு அது வரும், நோலின்.

இன்னொன்று. பதினாறு வருஷமாக அவள் உனக்கு எழுதிய கடிதங்களை வைத்திருக்கிறாய் அல்லவா? எனக்கு அனுப்பு. என் அம்மாவின் எழுத்தை நான் பார்க்க வேண்டாமா? பத்திரமாக வைத்துக்கொள்வேன்.

கிளைவ்


ரிவர்ட்டன்
4 ஆகஸ்ட் 1980

கிளைவ்,

எழுதினேன். அம்மாவுக்குத் தபாலிலும் போட்டுவிட்டேன். பதில் வந்துவிட்டது. 'சரிம்மா, அவன் வேலை முடியட்டும்' என்று ஒரே வரி.

கடிதங்களை அனுப்பவில்லை.

அப்பாவுக்கு ஆக்சிஜன் உருளை வைத்திருக்கிறார்கள். நேற்று மத்தியானம் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"இசபெல் இப்ப எங்க இருக்கா?"

"கடல்லப்பா. நீங்கதானே சொன்னீங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கஞ்சியை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினேன்.

நோலின்


வெலிங்டன்
16 நவம்பர் 1980

அன்புள்ள அக்கா,

அந்தப் பெரிய வீட்டில் தனியாக எப்படி இருக்கிறாய்? அப்பாவின் அடக்கத்தன்று நாம் பேசியிருக்கலாம். விமானத்துக்கு நேரமாகிவிட்டது, அதோடு பத்திரிகைப் புகைப்படக்காரன் வேறு கூடவே இருந்தான். நான் அவனைக் கூட்டி வரவில்லை, அவனாக வந்தான்.

முதல் காட்சி முடிந்து கொட்டகையில் யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்து கைதட்டினார்கள், ஐந்து நிமிடம் உட்காரவில்லை. மெல்போர்ன், சிட்னி இரண்டிலும் வெளியிடப் போகிறார்கள். லண்டனில் ஒரு பதிப்பகம் அடுத்த நாவலை எழுதுவதற்கு முன்பே வாங்கிக்கொண்டது. ஜனவரியில் அங்கே போகிறேன். பல்லாரட் பயணத்தைத் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. ஈஸ்டருக்குள் கண்டிப்பாக.

மேசைக்கு முன்னால் தினமும் உட்காருகிறேன். அடுத்த நாவல் என்று தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அந்தக் கடிதங்கள் இருந்தால் உதவியாக இருக்கும்.

உன் தம்பி,
கிளைவ்


பல்லாரட்
22 பிப்ரவரி 1981

அன்புள்ள தம்பிக்கு,

முகவரியைப் பார்த்துத் திகைக்காதே. ரிவர்ட்டன் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, புதுசாய்ப் பிறந்தவள் மாதிரி ஒரு பெட்டியோடு வந்துவிட்டேன். இங்கே வெயில் கொளுத்துகிறது. தார் சாலையில் செருப்பு ஒட்டுகிறது. நான் நலம். அம்மா நலமில்லை.

கதவைத் திறந்தவள் என்னைவிடக் குள்ளமாக இருந்தாள். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரையும் கூப்பிடறேன்னு சொன்னேன். ஒருத்திதான் வந்திருக்கா. பரவால்ல, உள்ள வா" என்றாள்.

மெல்போர்னில் ஓடிய படம் இங்கேயும் வந்தது. பார்த்தே தீருவேன் என்று அடம் பிடித்தாள். மத்தியானக் காட்சிக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். பெப்பர்மிண்ட் மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, கேட்கும் காதைத் திரைப் பக்கம் திருப்பி வைத்து, அசையாமல் பார்த்தாள். கடல் காட்சி வந்தபோது முன்வரிசையில் ஒரு பெண் விசும்பி அழுதாள். திரும்பி அம்மாவிடம், "பாவம்ங்க அந்தப் பொண்ணு" என்றாள்.

"ஆமா, பாவம்தான்" என்றாள் அம்மா. "ஆனா நல்ல கோட்டு. நனைச்சிருக்க வேணாம்."

நான் சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எங்களை எல்லோரும் முறைத்தார்கள்.

வெளியே வந்து நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

"இவ்ளோ அழகா நான் வாழவே இல்ல நோலின். சாவ இவ்ளோ அழகா பண்ணிட்டான். இப்ப நான் உயிரோட வந்து நின்னா எல்லாம் கெட்டுப்போயிடும்ல?"

அவளே தொடர்ந்தாள். "போகும்போது டனீடன்ல எறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாக்கற நாள் ஞாயித்துக்கெழமதான்னுட்டாங்க. கெஞ்சினதுல கண்ணாடிக் கதவு வரைக்கும் விட்டாங்க. தூங்கிட்டிருந்தான். வாயத் தெறந்து வச்சுக்கிட்டு, ஒரு கை கட்டிலுக்கு வெளிய தொங்கிட்டு. யாராவது அந்தக் கையத் தூக்கி உள்ள வையுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். வச்சாங்களோ என்னவோ."

உன்னைத் தவிர வேறு பேச்சில்லை, கிளைவ். டாக்டர் ஈஸ்டர் வரை என்கிறார். அதுகூட நிச்சயமில்லை. லண்டனிலிருந்து ஒரு நாள் விமானம். எதையும் சொல்ல வேண்டாம், எதற்கும் விளக்கம் வேண்டாம். வந்து பக்கத்தில் உட்கார்.

நோலின்


லண்டன்
19 மார்ச் 1981

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. அந்தக் கட்டிலுக்கு வெளியே தொங்கிய கை! என்னால் இதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

என் நிலைமையைக் கேள். வாட்டியின் பேச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பத்திரிகைக்காரன் கிளம்பியிருக்கிறான். ஆஸ்திரேலியாவில் எனக்கு உறவினர் உண்டா என்று பதிப்பகத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறான். நான் விமானம் ஏறினால் அவனும் ஏறுவான். பல்லாரட்டில் ஒரு கதவைத் தட்டினால் அவனும் பின்னால் நிற்பான்.

எழுதவும் முடியவில்லை. ஒரு வருஷத்தில் ஒரு பக்கம். உன்னிடம் மறைப்பானேன், எனக்கு எப்போதுமே எழுத வந்ததில்லை. நீ எழுதி அனுப்புவாய், நான் அடுக்குவேன். இங்கே என்னை விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள். கடல் பற்றிக் கேட்கிறார்கள். மனப்பாடமாகச் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் எல்லோரும் ஒரு கணம் மௌனமாக இருப்பார்கள். அந்த மௌனத்தில் ஓடிவிடலாமா என்று இருக்கும். எங்கே ஓடுவது? எந்த ஊரிலும் என் அம்மா கடலில்தான் இருக்கிறாள்.

அவள் பேசுவதை எனக்காகக் குறித்து வை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள். அவள் எப்படிச் சொல்கிறாளோ அதே வார்த்தைகளில். தேதியும் போட்டு வை. பிற்பாடு ஒரு நாள், எல்லாம் அடங்கிய பிறகு, அதுதான் உண்மையான புத்தகமாக இருக்கும். உன் பெயரையும் போடுவேன்.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

கிளைவ்


பல்லாரட்
10 மே 1981

அன்புள்ள தம்பி கிளைவுக்கு,

இங்கே வெயில் போய்க் குளிர் வந்துவிட்டது. எனக்கு இருமல் தவிர வேறொன்றுமில்லை.

அம்மா ஏப்ரல் 28ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு இறந்துபோனாள். செவ்வாய்க்கிழமைதான், நான் போடவில்லை, அதுவாக அமைந்தது. கடைசி ஒரு வாரம் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். இருந்தாலும் பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. கம்பளி ஆலையில் அவளோடு வேலை பார்த்த பெண்கள் ஆறு பேரும் நானும் போய் அடக்கம் செய்தோம். பாதிரியார் நல்லவர், நீட்டி முழக்கவில்லை.

இறப்பைப் பதிவு செய்ய நான்தான் போனேன். ஒரு தாளை நிரப்பச் சொன்னார்கள். பிள்ளைகள் என்ற இடத்தில் இரண்டு பெயரையும் எழுதினேன், வயதோடு. எழுத்தர் உன் பெயரைப் பார்த்துவிட்டு, "அந்தப் படம் எழுதுனவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஆனா அதுல அம்மா..." என்று ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். யார் போய்க் கேட்டாலும் அந்தத் தாளைப் பார்க்கலாம் என்கிறார்கள். உன் பத்திரிகைக்காரனும் ஒரு நாள் பார்ப்பான். நான் அவனைத் தேடிப் போக மாட்டேன். அவன் வந்து கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன். இதை உனக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஊருக்குத் திரும்பவில்லை. அவள் இருந்த வீட்டிலேயே இருக்கிறேன். மூன்று தெரு தள்ளி ஒரு பேக்கரியில் வேலை. காலையில் நான் எப்போது கிளம்பினேன் என்று யாரும் கேட்பதில்லை. முதல் வாரம் அதற்கே பழக்கமில்லாமல் காற்றிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நீ சொன்னபடி நோட்டுப் புத்தகம் வாங்கவில்லை. கடைசி மூன்று நாளும் அவள் உன்னைப் பற்றி நிறையப் பேசினாள். உனக்கென்று தனியாக ஒன்று சொல்லச் சொன்னாள்; நான் ஒரு வார்த்தை பிசகாமல் நினைவில் வைத்திருக்கிறேன். அதை எழுத மாட்டேன், கிளைவ். இதில் மட்டுமல்ல, எதிலும் எழுத மாட்டேன். பேக்கரி மூன்று மணிக்கு மூடும். நீ வந்து எதிரில் உட்கார்ந்தால் வாயால் சொல்கிறேன்.

உன் அக்கா,
நோலின்